கசடு டைஜஸ்டர்: வாசகர் கேள்விகள்

எங்கள் டைஜஸ்டரில் (சாக்கடைக் கசடைக் காற்றில்லாமல் செரிக்கவைத்து எரிவாயு எடுக்கும் தொட்டி) எரிவாயு பாதியாகக் குறைந்துவிட்டது. பி.எச். 7 தான் காட்டுகிறது. எங்கே கோளாறு? (திருப்பூர்)

பி.எச்.சை நம்பி இருக்காதீர்கள். அது கடைசியில்தான் இறங்கும். கரிம அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் (அமிலத்தைத் தாங்கும் திறன்) உள்ள விகிதம்தான் முன்கூட்டியே சொல்லும். வடிகட்டிய மாதிரியில் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பி.எச். 5.0 வரை ஓர் அளவு, 4.4 வரை ஓர் அளவு குறித்துக்கொள்ளுங்கள்; கணக்கு அதிலேயே வந்துவிடும். விகிதம் 0.3க்குள் இருந்தால் நலம். 0.4ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், அன்றைக்கே தொட்டிக்குள் கசடு விடுவதைப் பாதியாகக் குறையுங்கள். அதன்பிறகு சோடியம் பைகார்பனேட் போடலாம். சுண்ணாம்பை அள்ளிக் கொட்ட வேண்டாம். கால்சியம் கார்பனேட்டாகத் தொட்டியில் படிந்துவிடும்.

உங்கள் ஊர் என்பதால் இன்னொரு சந்தேகம். வாயுவில் அழுகிய முட்டை நாற்றம் கூடியிருக்கிறதா? சாயப்பட்டறை நீர் எங்கோ சாக்கடையில் கலக்கிறது என்றால், அதிலுள்ள சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியா மீத்தேனுக்குப் போகவேண்டிய உணவைப் பிடுங்கிக்கொள்ளும். ஃபெரிக் குளோரைடு நாற்றத்தைக் கட்டுப்படுத்தும், ஆனால் திருட்டுக் குழாயை அடைக்காது. 2011இல் உயர் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊரில் இது இனியும் நடக்கக் கூடாது. சாக்கடையில் ஆள் இறங்கும் குழிகளில் (மேன்ஹோல்) மாதிரி எடுத்துத் தேடுங்கள்.

சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் திப்பியை, அதாவது மரவள்ளிக்கிழங்குச் சக்கையை, டைஜஸ்டரில் சேர்க்கலாமா? (ஆத்தூர்)

தாராளமாக, ஆனால் மெதுவாக. திப்பி முழுக்க மாவுச்சத்து, விறுவிறுவென்று அமிலமாகும். தானியத்துக்குப் பழகாத மாட்டுக்கு ஒரே நாளில் கூடை நிறையக் கொட்டினால் வயிறு உப்பும் அல்லவா, அதே கதைதான். விகிதத்தைப் பார்த்துக்கொண்டே வாரவாரம் கொஞ்சம் கூட்டுங்கள்.

கசடை 160 டிகிரி நீராவியில் வேகவைக்கும் இயந்திரம் வாங்கலாமா? (கோவை)

உங்கள் கசடில் திடப்பொருள் 2 சதவீதம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை 4 சதவீதமாகக் கெட்டிப்படுத்துங்கள். கன அளவு பாதியாகும். அதே தொட்டியில் 10 நாள் தங்கிய கசடு 20 நாள் தங்கும். 35 டிகிரிக்குச் சூடேற்றும் செலவும் ஏறத்தாழ பாதிதான். இப்போது நீங்கள் தண்ணீரைத்தான் காய்ச்சிக்கொண்டிருக்கிறீர்கள். நீராவி இயந்திரம் பெரிய நிலையங்களுக்கு உரியது; அதற்கும் கெட்டியான கசடுதான் வேண்டும்.

செரித்த கசடைத் தென்னந்தோப்புக்குப் போடலாமா? (பொள்ளாச்சி)

உலோக அளவைச் சோதித்து, நன்றாகக் காயவைத்துப் போடலாம். 35 டிகிரியில் குடற்புழு முட்டைகள் முழுதாகச் சாவதில்லை. பச்சையாகத் தின்னும் தக்காளி, வெள்ளரிக்கு வேண்டவே வேண்டாம்.