2020-இல் அமெரிக்காவில் எச்.ஐ.வி. குறைந்ததா?

கேள்வி: பொது சுகாதாரத்தில் முதுநிலை படிக்கிறேன். அமெரிக்காவில் 2019-இல் 36,801 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. 2020-இல் அது 30,635. ஒரே ஆண்டில் 17 சதவீதம் குறைவு. கொரோனா பொதுமுடக்கத்தால் எச்.ஐ.வி. பரவல் குறைந்தது என்று ஆய்வேட்டில் எழுதலாமா? (வாசகர், மதுரை)

பதில்: எழுதாதீர்கள். நீங்கள் தந்திருப்பது அந்த ஆண்டு பரிசோதனையில் தொற்று உறுதியானவர்களின் கணக்கு. அவர்களில் ஒருவருக்குப் போன மாதம் தொற்றியிருக்கலாம், இன்னொருவருக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே தொற்றியிருக்கலாம். எச்.ஐ.வி. பல ஆண்டுகள் அறிகுறி காட்டாமல் உடலில் தங்கும். சோதித்துப் பார்க்காதவரை அது எந்தக் கணக்கிலும் வராது.

2020-இல் அந்தச் சோதனைதான் முடங்கியது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் நிதியில் நடக்கும் எச்.ஐ.வி. பரிசோதனைகள் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய பாதியாகச் சரிந்தன. மருத்துவமனைகள் அவசரமில்லாத வருகைகளைத் தள்ளிவைத்தன. எச்.ஐ.வி. பணியில் இருந்த ஊழியர்களும் ஆய்வகங்களும் கொரோனா பக்கம் திருப்பப்பட்டன.

‘சோதனை பாதியானால் கண்டறிதல் ஏன் 17 சதவீதம் மட்டும் குறைந்தது?’ என்று உங்கள் வழிகாட்டி கட்டாயம் கேட்பார். பாதியானது சி.டி.சி. நிதியில் நடந்த சோதனைகள். 30,635 என்பது தனியார் மருத்துவமனைகளில் தெரியவந்தவர்களையும் சேர்த்த எண். ஆகவே ஒன்றை மற்றொன்றால் வகுத்து விகிதம் காணக் கூடாது. தவிர, அந்த நாட்களிலும் சோதனைக்கு வந்தவர்களில் உடல் நலிந்தவர்களும் தொற்று வாய்ப்பு அதிகம் உள்ளவர்களும் கூடுதலாக இருந்திருப்பார்கள். விடுபட்டுப்போனவர்கள் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள்.

உண்மையான புதிய தொற்றை அறிய வேறு கணக்கு உண்டு. கண்டறியப்பட்டபின் எடுக்கும் முதல் சிடி4 அணு (எச்.ஐ.வி. தாக்கி அழிக்கும் நோயெதிர்ப்பு வெள்ளணு) எண்ணிக்கையைக் கொண்டு, தொற்று எப்போது ஏற்பட்டிருக்கும் என்று பின்னோக்கி மதிப்பிடுவார்கள். அதன்படி 2017-இல் 36,500 ஆக இருந்த புதிய தொற்று 2021-இல் 32,100 ஆனது. நான்கு ஆண்டுகளில் 12 சதவீதம். இவ்வளவு மெதுவாக இறங்கும் கோட்டில் ஓராண்டில் 17 சதவீத வீழ்ச்சி பொருந்தவே பொருந்தாது. பொதுமுடக்கத்தின் முதல் வாரங்களில் சிலர் பாலுறவுத் தொடர்புகளைக் குறைத்துக்கொண்டது உண்மைதான். அதே காலத்தில் பிரெப் என்னும் தடுப்பு மருந்தை வாங்குவோரும் குறைந்துபோனார்கள்.

என்னைக் கவலைப்படுத்துவது அதற்கடுத்த ஆண்டுகள். 2021-இல் 36,136 பேர், 2022-இல் 37,981 பேர். 2020-இல் விடுபட்ட சுமார் ஆறாயிரம் பேரும் மறு ஆண்டே சோதனைக்கு வந்திருந்தால், 2021-இன் எண் 2019-ஐத் தாண்டிப் போயிருக்க வேண்டும். தாண்டவில்லை. கணிசமானோர் தங்களுக்குத் தொற்று இருப்பது தெரியாமலேயே இன்னும் ஓராண்டைக் கழித்திருக்கிறார்கள். சிகிச்சையில் இருந்து, வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கியவர் உடலுறவு வழியே பிறருக்குத் தொற்றைக் கடத்துவதில்லை. தெரியாதவருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை, அவருடைய துணைக்கும் இல்லை.

வரைபடத்தில் 2020-ஐத் தனி நிறத்தில் காட்டுங்கள். போக்கைக் கணிக்க 2019-ஐ 2021-உடனும் அதற்குப் பின்வந்த ஆண்டுகளுடனும் ஒப்பிடுங்கள். 2020-இன் எண்களை எச்சரிக்கையுடன் பார்க்க வேண்டும் என்றே சி.டி.சி.யும் சொல்கிறது. பக்கத்திலேயே பரிசோதனை எண்ணிக்கையைத் தாருங்கள். கண்டறியும்போதே சிடி4 200-க்குக் கீழே இறங்கியிருந்தவர்கள் எத்தனை சதவீதம் என்பதையும் ஆண்டுவாரியாகப் பாருங்கள். தாமதம் அங்கேதான் வெளிப்படும். வீட்டுச் சுயபரிசோதனைப் பெட்டிகளைச் சேர்க்கும்போது கவனம் தேவை: அதில் தொற்று இல்லை என்று வந்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரிவிக்கப்படுவதில்லை.

இந்தியாவையும் சேர்த்து எழுதுவதானால் ஒன்றைக் கவனியுங்கள். நம்பிக்கை மையங்களின் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையங்கள்) எண்கள் நிதியாண்டுக் கணக்கில் வருகின்றன. நம் பொதுமுடக்கம் 2020 மார்ச் 25-இல் தொடங்கியது. அதன் பாதிப்பை 2020-21-இல் தேட வேண்டும். அமெரிக்காவின் 2020 என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. இரண்டையும் அப்படியே அருகருகே வைத்துவிடாதீர்கள்.