ஆங்கிலம் எங்கே போய்விடப் போகிறது?

கேள்வி: எனக்கு 63 வயது. கணவரோடு தஞ்சாவூரில் இருக்கிறேன். எங்கள் ஒரே மகன் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் படித்தபோது, உடன் படித்த அமெரிக்கப் பெண்ணை விரும்பித் திருமணம் செய்துகொண்டான். ஏழு ஆண்டுகளாக ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகருக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறான். பேத்திக்கு ஆறு வயது, பேரனுக்கு இரண்டு. மருமகள் நல்ல பெண். என் மேல் பிரியமாகத்தான் இருந்தாள். சென்ற ஆண்டு மூன்று மாதம் அங்கே தங்கினேன். அடிக்கடி அவள் முகம் வாடிப்போகும். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அழுதாள். அங்கே குழந்தைகளுக்காக அரசாங்கம் மாதாமாதம் பணம் தருகிறது, பிரசவம் ஆனதும் தாதி வீடு தேடி வருகிறார், மகனும் அவளைக் கண்கலங்க விடுவதில்லை. என்ன குறை என்றே எனக்குப் புரியவில்லை.

சென்ற மாதம் வீடியோ அழைப்பில், "ஞாயிறுதோறும் நம் நேரம் மாலை ஆறரைக்குப் பேத்திக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். நீயும் வீட்டில் ஆங்கிலத்தைக் குறைத்துக்கொண்டு நாலு தமிழ் வார்த்தை பேசு. ஆங்கிலம் எங்கே போய்விடப் போகிறது?" என்றேன். மகன் மொழிபெயர்த்துச் சொன்னான். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. பேரப்பிள்ளைகள் தமிழ் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டது தவறா? நானும் கல்யாணமாகிப் புது ஊருக்கு வந்து எல்லாவற்றையும் பழகிக்கொண்டவள்தானே? நவம்பரில் மறுபடியும் போகிறோம். எந்த முகத்தோடு போவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் ஆசையில் ஒரு தவறும் இல்லை. பேத்தி வாயால் "பாட்டி" என்று கேட்பதற்கு ஏங்காத பாட்டி உண்டா? ஆனால் "ஆங்கிலம் எங்கே போய்விடப் போகிறது?" என்ற அந்தக் கடைசி வாக்கியம் அவளை எங்கே குத்தியது என்று எனக்குத் தெரியும். நீங்கள் மருமகளோடு தங்கியிருந்த அதே பகுதியில்தான் ஒன்பது ஆண்டுகள் இருந்து என் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தேன். எங்கள் எதிர்வீட்டில் ஓர் அமெரிக்கக் குடும்பம். அந்த வீட்டுத் தாயோடு ஒருநாள் காலை ரொட்டிக் கடைக்குப் போயிருந்தேன்.

ஜெர்மன் மொழியில் ஒவ்வொரு பொருளுக்கும் பால் உண்டு. டெர், டீ, டாஸ் என்று மூன்று சொற்களில் ஒன்றைச் சரியாக முன்னால் சேர்க்க வேண்டும். ரொட்டிக்கு டாஸ். அவள் வாய் தவறி டெர் என்று சொல்லிவிட்டாள். கூட வந்த ஐந்து வயது மகள், கடையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "டாஸ், மம்மி, டாஸ்!" என்று திருத்தினாள். கடைக்காரப் பெண்மணி நல்லவர். சிரித்துக்கொண்டே ஆங்கிலத்துக்கு மாறினார். உதவி செய்ததாகத்தான் அவர் நினைத்திருப்பார். இவள் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, சூடான ரொட்டிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "இந்த ஊரில் எல்லோரும் என்னோடு ஆங்கிலம் பேசிப் பழகிக்கொள்கிறார்கள். என் மகள் மட்டும் ஆங்கிலத்தில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறாள்."

அம்மா, நமக்கு ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படித்து வாங்கிய மொழி. வேலைக்கு, பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு, வெளியூர் போனால் வழி கேட்பதற்கு என்று வைத்திருக்கிறோம். அதனால் அதையும் ஒருவருடைய தாய்மொழியாக நினைத்துப் பார்க்க நமக்குத் தோன்றுவதே இல்லை. உங்கள் மருமகளை அவள் தாயார் கொஞ்சியது அந்த மொழியில்தான். பாட்டி கதை சொன்னது, அப்பா திட்டியது எல்லாம் அதில்தான். உலகம் முழுக்க இருக்கும் மொழி என்பதாலேயே அவளுக்கு அது தொலைந்துபோகக்கூடும் என்று யாரும் நம்புவதில்லை. உங்கள் பேத்தியிடமிருந்து தமிழ் விலகிப்போவதைப் பார்த்து நீங்கள் பதறுகிறீர்கள். தன் மொழியும் மகளிடமிருந்து விலகிப்போகிறது என்று அவளும் பதறிக்கொண்டிருந்திருப்பாள். அந்த நேரத்தில்தான் நீங்கள் "குறைத்துக்கொள்" என்றீர்கள்.

பள்ளிக்கூடம் சொல்லித்தரும் என்று நினைக்க வேண்டாம். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் ஆங்கிலப் பாடம் மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. அதுவும் பாடப்புத்தகத்து பிரிட்டிஷ் ஆங்கிலம். அம்மா "பேண்ட்ஸ்" என்று சொல்வதை டீச்சர் "டிரவுசர்ஸ்" என்பார். பிள்ளை வீட்டுக்கு வந்து அம்மாவின் ஆங்கிலத்தையும் திருத்தும். ஜெர்மனிலும் திருத்தம், சொந்த மொழியிலும் திருத்தம் என்றால் ஒரு தாய் எங்கே போய் நிற்பாள்?

"என்ன குறை" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய சலுகைகள் எல்லாம் உண்மை. 2025-ல் அங்கே ஒரு குழந்தைக்கு மாதம் 255 யூரோ அரசு தந்தது. வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பிரசவத்துக்கு முன் 6 வாரம், பின் 8 வாரம் சம்பளத்தோடு ஓய்வு. அவள் பிறந்த நாட்டில் மத்திய அரசின் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தருவது 12 வார விடுப்பு, அதுவும் சம்பளம் இல்லாமல். இந்தக் கணக்கு அவளுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். அதுதான் அவள் வாயை அடைக்கிறது. ஊரில் இருக்கும் தோழிகளிடம் மனக்குறையைச் சொன்னால் "நீ கொடுத்துவைத்தவள்" என்பார்கள். இங்கே மாமியாரும் அதையே சொன்னால், துணியை மடித்துக்கொண்டு அழுவதைத் தவிர அவளுக்கு வேறு வழி என்ன?

அன்றாடம் அவள் தடுக்கி விழும் இடங்கள் மிகச் சின்னவை. நீங்கள் விருந்தாளியாக மூன்று மாதம் இருந்ததால் கண்ணில் பட்டிருக்காது. அவள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் வாரத்துக்கு வேண்டிய சாமான் வாங்கும் நாள். அங்கே ஞாயிறு கடை அடைப்பு. புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டக்கூடாது, காலிக் கண்ணாடிப் பாட்டிலைத் தொட்டியில் போடக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒருநாள் முன்கூட்டியே பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னால் அங்கே அபசகுனம். பாவம், ஆசையாகச் சொல்லிவிட்டு அவர் முகம் மாறுவதைப் பார்த்து விழித்திருப்பாள். பள்ளியில் சேரும் நாளில் ஒவ்வொரு குழந்தையின் கையிலும் மிட்டாயும் பென்சிலும் நிரப்பிய பெரிய காகிதக் கூம்பு இருக்கும். அந்த ஊரில் வளர்ந்த தாய்க்கு அது தானாகத் தெரியும். வெளியூர்க்காரிக்கு யாராவது சொன்னால்தான் உண்டு. ஆறு வயதுப் பிள்ளை பள்ளிக்குத் தனியாக நடந்து போக வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறார்கள். அவள் ஊரிலோ அந்த வயதுப் பிள்ளையைத் தனியாக விட்டால் அக்கம்பக்கத்தார் போலீஸைக் கூப்பிட்டாலும் ஆச்சரியமில்லை. எதிர்வீட்டுப் பெண் முதல் இரண்டு வாரம் மரங்களுக்குப் பின்னால் மறைந்து மறைந்து மகளைப் பின்தொடர்ந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சல் விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நீங்களும் அவளும் ஒரே கட்சி. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை உடம்பு கொதிக்கிறது. தெர்மாமீட்டர் 38.9 என்று காட்டுகிறது. ஜெர்மானியத் தாய்க்கு அந்த எண்ணைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். உங்களுக்கும் உங்கள் மருமகளுக்கும் அது வெறும் எண். அதையே 102 என்று சொல்லிப் பாருங்கள், உடனே வயிறு கலங்கும். உலகத்தில் பெரும்பாலான நாடுகள் செல்சியஸுக்கு மாறிவிட்டன. அமெரிக்காவில் இன்னும் ஃபாரன்ஹீட்தான். நம் வீட்டுப் பெரியவர்களும் காய்ச்சலை மட்டும் ஃபாரன்ஹீட்டில்தான் சொல்கிறோம். அந்த வீட்டில் அவளுடைய பயத்தைக் கணக்குப் போடாமலே புரிந்துகொள்ளக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான் அம்மா.

நீங்களும் புது ஊருக்கு வந்து பழகிக்கொண்டவர் என்கிறீர்கள். நீங்கள் பட்ட பாட்டைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் தஞ்சாவூரில் உங்கள் பிள்ளை அழுதபோது அவனைத் தமிழில்தான் சமாதானப்படுத்தினீர்கள். டாக்டரிடம் தமிழில் பேசினீர்கள். மகன் வளர்ந்து உங்கள் பேச்சைக் கடைத்தெருவில் திருத்தவில்லை.

இப்போது தமிழுக்கு வருவோம். அதை விட்டுவிடச் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய ஆள் மருமகள் அல்ல. உங்கள் மகன் பிள்ளைகளோடு எந்த மொழியில் பேசுகிறார்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. என் அனுமானம், ஆங்கிலத்தில்தான். ழூல் ரோஞ்சா என்ற பிரெஞ்சு மொழியியலாளரின் மனைவி ஜெர்மானியப் பெண். 1908-ல் மகன் பிறந்ததும், நண்பர் ஒருவரின் யோசனைப்படி, அப்பா பிரெஞ்சு மட்டும் பேசுவது, அம்மா ஜெர்மன் மட்டும் பேசுவது என்று முடிவு செய்தார்கள். பிள்ளை இரண்டிலும் சரளமாக வளர்ந்ததை அவர் 1913-ல் பதிவு செய்தார். அன்று முதல் இரண்டு மொழி வீடுகளில் எத்தனையோ பேர் இந்த வழியைப் பின்பற்றி வருகிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: யாரும் தன் மொழியை இன்னொருவருக்காக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தமிழ் பேசும் பொறுப்பு உங்கள் மகனுடையது. வேலை முடிந்து வந்து குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் அவர் தமிழில் பேசட்டும். அவர் செய்யாத வேலையை மருமகள் தலையில் வைப்பது நியாயமில்லை. தமிழே தெரியாத பெண் பேசும் நாலு வார்த்தையில் பேத்திக்குத் தமிழ் வந்துவிடாது.

நீங்கள் கேட்ட நேரத்தையும் கவனியுங்கள். நம் ஞாயிறு மாலை ஆறரை என்றால் கோடைக்காலத்தில் அங்கே பிற்பகல் மூன்று. ஒஹாயோவில் காலை ஒன்பது. வார நாட்களில் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது ஒஹாயோவில் இன்னும் விடியலே. பிள்ளைகள் தூங்கப் போகும்போது அங்கே மதியம், வேலை நேரம். ஆக, அவளைப் பெற்றவர்கள் பேரப்பிள்ளைகளை நிதானமாகப் பார்க்கத் தோதான வேளை ஞாயிறு பிற்பகல்தான். நீங்கள் தெரியாமல் அதைக் கேட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். தமிழ் வகுப்பை ஜெர்மனி நேரப்படி ஞாயிறு காலை பத்து மணிக்கு மாற்றுங்கள். நமக்கு மதியம் ஒன்றரை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிய பிறகு இரண்டரை. அப்போது ஒஹாயோவில் அதிகாலை நாலு மணி, எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

இன்னொன்று. உங்கள் சம்பந்தியம்மாவோடு கடைசியாக எப்போது பேசினீர்கள்? கல்யாணத்தன்றா? ஒஹாயோவில் அவரும் ஒரு பாட்டி. அவர் ஆங்கிலத்தில் கேட்கும் கேள்விக்குப் பேத்தி ஜெர்மனில் பதில் சொன்னால் அவர் மனமும் உங்களுடையது போலத்தான் வலிக்கும். மருமகளை உடன் வைத்துக்கொண்டு ஒருநாள் அவரை அழையுங்கள். உங்கள் ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, அவர் திருத்தமாட்டார்.

மருமகளிடம் பேசும்போது மகனை நடுவில் வைக்காதீர்கள். போன முறை மொழிபெயர்ப்பில் உங்கள் பிரியம் போய், உத்தரவு மட்டும் அவள் காதில் விழுந்திருக்கும். உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள்: அது உன் தாய்மொழி என்று எனக்குத் தோன்றவில்லை, மன்னித்துக்கொள். அதற்குமேல் விளக்கம் வேண்டாம். பிறகு, உன் அம்மா உனக்கு என்ன பாட்டுப் பாடித் தூங்கவைத்தார் என்று கேளுங்கள். அவள் பாடினால் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். பாட்டியே ஆசைப்பட்டுக் கற்கும் பாட்டைப் பிள்ளை லேசாக நினைக்காது.

நவம்பரில் போகிறீர்கள், நல்ல மாதம். அதன் நான்காம் வியாழன் அமெரிக்கர்களுக்கு நன்றி தெரிவிக்கும் திருநாள். நமக்குப் பொங்கல் மாதிரி, குடும்பம் முழுவதும் கூடிச் சாப்பிடும் நாள். ஜெர்மனியில் அன்று பள்ளி உண்டு, அலுவலகம் உண்டு. அவள் வான்கோழியைக் கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்து, விருந்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்துச் செய்துகொண்டிருப்பாள், பெரும்பாலும் தனியாகவே. அந்த விருந்தில் பரங்கிக்காய் பை என்று ஓர் இனிப்பு உண்டு. அமெரிக்காவில் பரங்கிக்காய் விழுது டப்பாவில் கிடைக்கும். அங்கே சாதாரணக் கடைகளில் அது இருக்காது. காயை வாங்கி வேகவைத்து மசிக்க வேண்டும். அதில் சேர்க்கும் மசாலா என்ன தெரியுமா? பட்டை, கிராம்பு, சுக்கு, ஜாதிக்காய். நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவில் இருப்பவைதான்.

நாலையும் நல்லதாக வாங்கி, வெயிலில் காயவைத்து, பொடிக்காமல் முழுசாகவே எடுத்துப்போங்கள். இடிக்கும்போது அந்த வாசனை அவள் அடுப்படியிலேயே எழும்பட்டும். ஹொக்கைடோ என்று செம்மஞ்சள் நிறத்தில் சின்னதாக ஒரு பரங்கி அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும். அதற்குத் தோல் சீவ வேண்டாம், வெந்ததும் தோலும் குழைந்துவிடும். காயை நீங்கள் நறுக்கிக் கொடுங்கள். சர்க்கரை எவ்வளவு போட வேண்டும் என்று மட்டும் அவளைக் கேட்டுப் போடுங்கள்.