முதல் ஆட்டத்துக்கு இரண்டு கோப்ளின் போதும்

கேள்வி: கல்லூரி விடுதியில் நாங்கள் நாலு பேர். எல்லோருக்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பகடை உருட்டி, பேசியே கதையை நகர்த்தும் ஆட்டம்) விளையாட ஆசை, ஆனால் ஒருவரும் இதுவரை ஆடியதில்லை. என்னை டன்ஜன் மாஸ்டராக, அதாவது கதையை நடத்துபவராக, இருக்கச் சொல்லிவிட்டார்கள். விதிப் புத்தகம் 300 பக்கத்துக்கு மேல் இருக்கிறது, விலையும் அதிகம். எனக்கு நடிக்கவும் வராது. எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: இப்போதைக்குப் புத்தகம் வாங்காதீர்கள். 5ஆம் பதிப்பின் (2014) அடிப்படை விதிகளை வெளியீட்டாளர்களே இலவச பிடிஎஃப் ஆகக் கொடுத்திருக்கிறார்கள். போர்வீரன், திருடன், பூசாரி, மந்திரவாதி என நாலு வகைப் பாத்திரங்கள் அதில் உண்டு. ஆடப்போவது மூன்று பேர், தாராளமாகப் போதும். பாத்திரம் உருவாக்குவதையும் சண்டை நடத்துவதையும் மட்டும் படியுங்கள். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது பெட்டிக்குள் இருந்தது மூன்று சின்னப் புத்தகங்கள்தான். மிச்சத்தை ஆடியவர்களே இட்டு நிரப்பிக்கொண்டார்கள். 7 பகடைகள் கொண்ட ஒரு செட் மட்டும் வாங்குங்கள். நாலு பேருக்கும் அதுவே சுற்றி வரும்.

விதியின் உயிர்நாடி ஒன்றுதான். வீரர் ஏதாவது செய்ய நினைக்கிறார், முடியுமா என்பது சந்தேகம். அப்போது 20 முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறனுக்கு உரிய எண்ணைக் கூட்ட வேண்டும். நீங்கள் மனதில் வைத்த எண்ணை எட்டினால் காரியம் முடிந்தது. சுலபமான வேலைக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20 என்று வையுங்கள். உதாரணமாக, திருடனின் லாவகம் என்ற திறன் 16 என்றால் விதிப்படி கூட்ட வேண்டியது 3, பூட்டுத் திறக்கும் பயிற்சிக்கு இன்னும் 2. இலக்கு 15 உள்ள பூட்டைத் திறக்க அவருக்கு 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதாவது 20 முகங்களில் 11 அவர் பக்கம். பாதியை விட ஒன்றுதான் அதிகம், கவனித்தீர்களா? பகடை அடிக்கடி காலை வாரும். அப்போது "பூட்டு திறக்கவில்லை" என்று சொல்லிவிட்டால் கதை அங்கேயே படுத்துவிடும். "திறந்துவிட்டது, ஆனால் கம்பி உடைந்த சத்தத்தில் உள்ளே யாரோ எழுந்துவிட்டார்கள்" என்று சொல்லிப் பாருங்கள், மேசையைச் சுற்றி எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

உலகத்தையே படைக்கக் கிளம்பாதீர்கள். நான் முதல் முறை நடத்தியபோது ஒரு ராஜ்யத்துக்கு 20 பக்கம் வரலாறு எழுதிக்கொண்டு போனேன். வந்தவர்கள் சத்திரக்காரரிடம் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆளுக்கு நான் பெயர்கூட வைத்திருக்கவில்லை! உங்களுக்கு ஒரு கிராமமும் ஒரு சிக்கலும் போதும். ஊர் மணி திருடு போயிருக்கிறது, காட்டுப் பாதையில் சின்னச் சின்னக் காலடித் தடங்கள். அவ்வளவு சொல்லிவிட்டு "என்ன செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். மாஸ்டரின் வேலையில் பாதி அந்தக் கேள்விதான். அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

திருடியவை கோப்ளின்கள் (குட்டையான குறும்புப் பூதங்கள்) என்றால் இரண்டு வையுங்கள், ஆறு வேண்டாம். 2014 விதிப்படி ஒரு கோப்ளினுக்கு உயிர்ப்புள்ளி, அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு, 7தான், பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் அதன் ஒரு வெட்டு 8 புள்ளி வரை போகும், முதல் நிலை மந்திரவாதிக்கு மொத்தமே ஏழெட்டுதான் இருக்கும். ஒரே அடியில் உங்கள் நண்பர் கீழே. 0 ஆனதும் சாவு இல்லை, மயக்கம்தான். அவர் முறை வரும்போதெல்லாம் பகடை உருட்ட வேண்டும். 10க்குக் குறையாமல் மூன்று முறை விழுந்தால் ஆள் தேறிவிடுவார், மூன்று முறை குறைந்தால் போய்விடுவார். புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் மறப்பது இந்த விதியைத்தான். அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நடிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். குரலை மாற்றிப் பேச வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. "காவலாளி சந்தேகமாகப் பார்க்கிறான், காசு எதிர்பார்க்கிறான் போல" என்று சொன்னாலே காவலாளி கண்முன் வந்துவிடுவான். தமிழிலேயே நடத்துங்கள். மந்திரங்களின் பெயரை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டுவிடலாம். ஃபயர்பாலைத் தமிழாக்கினால் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆகும்.

ஆட்டத்துக்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பாத்திரங்களை உருவாக்குங்கள். யாருக்காவது பிடிக்காத விஷயம், குழந்தைகளுக்கு ஆபத்து, சிலந்தி என்று எதுவாக இருந்தாலும், அப்போதே கேட்டுக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். முதல் நாள் மூன்று மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளலாம், திருடு போன ஊர் மணி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. பாத்திரத் தாளில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள், உயிர்ப்புள்ளியை அழித்து அழித்து எழுதியே அந்த இடம் கிழிந்துபோகும். பஜ்ஜித் தட்டைத் தாள்களுக்குப் பக்கத்தில் வைக்க விடாதீர்கள்.