வாசலில் துடைப்பம் மாட்டி ஒரு ஜெர்மன் விருந்து

ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் எஸ்லிங்கனில் குடியிருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கணவரோடு வேலை பார்க்கும் ஜெர்மன்காரர்கள் ஆறு பேரையும் நம் ஊர்க் குடும்பங்கள் இரண்டையும் வீட்டுக்குக் கூப்பிடுகிறோம். எங்களையும் சேர்த்துப் பெரியவர்கள் 12 பேர், பிள்ளைகள் 4 பேர். அக்டோபர்ஃபெஸ்ட் மாதிரி செய்யலாம் என்று நீல வெள்ளைத் தோரணம், பெரிய பீர் குவளை எல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் இருவர் சைவம். ஒரு குடும்பம் பன்றியும் மதுவும் தொடாதவர்கள். எதைச் சமைப்பது, எவ்வளவு சமைப்பது, எதைத் தவிர்ப்பது?"

முதலில் அந்தத் தோரணத்தைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். அக்டோபர்ஃபெஸ்ட் மியூனிக் நகரத்தின் திருவிழா. 1810 அக்டோபரில் பவேரியாவின் பட்டத்து இளவரசர் லுட்விக்குக்கும் தெரேசாவுக்கும் நடந்த கல்யாணத்தை ஒட்டி, ஊர் மக்களுக்காக ஒரு குதிரைப் பந்தயம் வைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இது. நீல வெள்ளைச் சாய்சதுரங்கள் பவேரிய மாநிலத்தின் கொடி. நீங்கள் இருப்பது பாடன்-வூர்ட்டம்பெர்க். இங்கே கொடியின் நிறம் கறுப்பும் மஞ்சளும். அதோடு பெயரில்தான் அக்டோபர் இருக்கிறது. விழா செப்டம்பரிலேயே தொடங்கி அக்டோபர் முதல் வாரத்தில் முடிந்துவிடும். நீங்கள் விருந்து வைக்கும்போது மியூனிக்கில் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் பக்கத்திலேயே ஒரு பெரிய திருவிழா இருக்கிறது. அது கான்ஸ்டாட்டர் வாசன். 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததால் அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. பயிர் போய் வூர்ட்டம்பெர்க்கில் கடும் பஞ்சம் வந்தது. அதிலிருந்து மீண்ட பிறகு, 1818இல் மன்னர் முதலாம் வில்ஹெல்ம் ஏற்படுத்திய விவசாய விழா இது. காய்கறியும் பழமும் தானியமும் பதித்த 26 மீட்டர் உயரத் தூண் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. விருந்தில் பேச்சு வந்தால் இந்தக் கதையைக் கேளுங்கள், உள்ளூர்க்காரர்கள் ஆசையாகச் சொல்வார்கள். ஆனால் அதுவும் ஆயிரக்கணக்கானோர் பெஞ்சில் ஏறி நின்று பாடுகிற கூடார விழாதான். வீட்டுக் கூடத்தில் அதை நகல் எடுத்தால் எடுபடாது.

உங்கள் வட்டாரத்தில் வீட்டுக்குள்ளேயே நடக்கிற இலையுதிர்கால விருந்து ஒன்று உண்டு. அதைத்தான் செய்யச் சொல்வேன். பெயர் பேசன். பேசன் என்றால் துடைப்பம். நெக்கார் ஆற்றங்கரை திராட்சை விவசாயிகள் வருடத்தில் சில மாதங்கள் மட்டும் தங்கள் வீட்டு அறையையோ கொட்டகையையோ திறந்து, சொந்தத் தோட்டத்து ஒயினையும் எளிய சாப்பாட்டையும் பரிமாறுவார்கள். வருடத்துக்கு நான்கு மாதம், 40 இருக்கை என்று அதற்குச் சட்டத்தில் எல்லை உண்டு. திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு துடைப்பத்தை மாட்டிவைப்பார்கள். உள்ளே இடம் குறைவு. முன்பின் தெரியாதவர்கள்கூட நெருக்கி உட்கார்ந்து ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். அலுவலக நண்பர்களும் நம் ஊர்க் குடும்பங்களும் ஒன்றாகக் கலக்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

விருந்தாளி வரும்போது துடைப்பத்தைக் கண்ணில் படாமல் வைத்து வளர்ந்தவர்கள் நாம். அதை வாசலில் மாட்டக் கை கூசும். நம் குடும்பங்களிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். குச்சியால் கட்டிய புதுத் துடைப்பம் ஒன்று வாங்கி, கறுப்பு மஞ்சள் ரிப்பனும் இரண்டு கொத்துக் காய்ந்த பூவும் கட்டி மாட்டுங்கள். வருகிற ஜெர்மன்காரர்களுக்கு வேறு எந்த அலங்காரமும் வேண்டாம். படியேறும்போதே புரிந்துகொண்டு சிரித்துக்கொண்டே உள்ளே வருவார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். நம் வீட்டு விருந்து என்றால் பத்து வகை இருக்கும். இங்கே மூன்று போதும்: பூசணி சூப், வெங்காயக் கேக், கடைசியில் பிளம்ஸ் பழம் பரப்பிச் சுட்ட கேக். மேசையில் பிரெட்செல் என்ற முடிச்சு வடிவ ரொட்டியும் சீஸ் துண்டுகளும் இருக்கட்டும். அதற்கு மேல் செய்தால் நீங்கள் அடுப்படியிலேயே நின்றுவிடுவீர்கள். வந்தவர்களுக்கு அது சங்கடமாக இருக்கும்.

வெங்காயக் கேக்தான் நாயகன். ட்ஸ்வீபெல்கூஹன் என்பார்கள். கேக் என்று சொன்னாலும் இனிப்பு கிடையாது. ஈஸ்ட் மாவின் மேல் வெங்காயமும் புளித்த கிரீமும் முட்டையும் பரப்பிச் சுடுவது. ஒரு முழு பேக்கிங் தட்டுக்கு 400 கிராம் மைதா, 200 மில்லி வெதுவெதுப்பான பால், கனசதுரமாக விற்கும் ஃபிரெஷ் ஈஸ்ட்டில் பாதி, 60 கிராம் வெண்ணெய், ஒரு டீஸ்பூன் உப்பு. பிசைந்து ஒரு மணி நேரம் மூடிவையுங்கள். மேலே பரப்ப 1.2 கிலோ வெங்காயம், ஷ்மாண்ட் என்ற கெட்டிப் புளிப்புக் கிரீம் இரண்டு கப் (கப் ஒன்றுக்கு 200 கிராம்), 4 முட்டை, ஒரு கரண்டி மைதா, உப்பு, கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள். 200 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். உங்கள் கூட்டத்துக்கு இரண்டு தட்டு வேண்டும்.

நம் கை தவறுகிற இடம் ஒன்று இருக்கிறது, வெங்காயம். வாணலியில் வெங்காயத்தைப் போட்டால் பொன்னிறம் வரும்வரை வதக்கிப் பழகிய கை நம்முடையது. நானும் முதல் முறை அப்படித்தான் வதக்கினேன். கேக் கறுத்து, கசப்பு ஏறிவிட்டது. பிறகு எங்கள் கட்டடத்துக் கீழ்வீட்டுப் பாட்டி பக்கத்தில் நின்று காட்டினார். வெங்காயத்தை மெல்லிய அரை வளையமாக நறுக்கி, வெண்ணெயில் போட்டு, உப்புத் தூவி, சிறு தீயில் மூடிவைத்தார். இருபது நிமிடம் கழித்துத் திறந்து ஒரு துண்டை முள்கரண்டியில் எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். வெளிச்சம் ஊடே தெரிந்தது. "இவ்வளவுதான்" என்று அடுப்பை அணைத்தார். நிறம் மாறக் கூடாது, கண்ணாடி மாதிரி ஆனால் போதும். மிச்சச் சிவப்பை ஓவன் பார்த்துக்கொள்ளும். நன்றாக ஆறிய பிறகுதான் முட்டைக் கலவையோடு சேர்க்க வேண்டும். சூட்டோடு சேர்த்தால் முட்டை திரிந்துவிடும்.

இன்னொன்று க்யூமெல், ஆங்கிலத்தில் கேரவே. பார்த்தால் சீரகம் போலவே இருக்கும், ஆனால் சீரகம் இல்லை. வாசனை வேறு. நம் சீரகத்துக்கு இங்கே க்ராய்ட்ஸ்க்யூமெல் என்று பெயர். அவசரத்தில் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து சீரகத்தைப் போட்டால் வேறு பலகாரமாகிவிடும். தட்டுக்கு ஒரு டீஸ்பூன் க்யூமெல் போடுங்கள். பருப்பில் நாம் பெருங்காயம் போடுகிற அதே காரணம்தான், வயிறு உப்பாது.

ஊர் வழக்கப்படி இதில் ஷ்பெக் என்ற பன்றிக் கொழுப்பிறைச்சித் துண்டுகளையும் சேர்ப்பார்கள். ஒரே தட்டில் பாதி அதோடு, பாதி அது இல்லாமல் சுடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். சூட்டில் கொழுப்பு உருகி அடுத்த பாதிக்கும் ஓடும். ஒரு தட்டை முழுக்க இறைச்சி இல்லாமல் முதலில் சுட்டு எடுத்துவிட்டு, இரண்டாவதில் 150 கிராம் ஷ்பெக் போடுங்கள். இரண்டுக்கும் தனிக் கத்தி, தனிக் கரண்டி, முன்னால் ஒரு சின்ன அட்டை. உங்கள் சைவக்காரர்கள் முட்டை சாப்பிடுவார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். சாப்பிட மாட்டார்கள் என்றால் சூப்பும் பிரெட்செலும் அவர்களுக்குப் போதாது. முட்டை போடாத உருளைக்கிழங்கு சாலட் ஒன்றைச் சேர்க்கலாம். ஸ்வாபியா என்ற உங்கள் வட்டாரத்துச் செய்முறையில் மயோனைஸ் கிடையாது. காய்கறி வேகவைத்த சூடான சாறு, வினிகர், எண்ணெய், கடுகு விழுது, அவ்வளவுதான். பிரெட்செல் வாங்கும்போதும் ஒரு கேள்வி கேளுங்கள். இந்தப் பக்கத்து பேக்கரிகள் சிலவற்றில் மாவில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது உண்டு. "ஷ்மால்ட்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

சூப் சுலபம். ஹொக்கைடோ என்ற சிவந்த சின்னப் பூசணியைத் தோலோடு வேகவைக்கலாம், சீவுகிற வேலை இல்லை. மூன்று கிலோ போதும். இஞ்சியும் தேங்காய்ப் பாலும் சேர்ப்பது இன்று ஜெர்மன் வீடுகளிலேயே சாதாரணம், அதனால் தயங்காமல் சேருங்கள். அழகுக்கு விற்கும் வரிப்போட்ட குட்டிப் பூசணிகளை மட்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள். அவற்றில் கசப்பு நஞ்சு உண்டு, மேசையில் வைக்க மட்டும்தான்.

வெங்காயக் கேக்குக்குத் துணை பீர் இல்லை, புது ஒயின். பிழிந்த திராட்சைச் சாறு பாதி நொதித்த நிலையில் செப்டம்பர், அக்டோபரில் மட்டும் கடைக்கு வரும். கடையில் ஃபேடர்வைசர் என்று எழுதியிருக்கும், உங்கள் ஊரில் நொயர் வைன் என்பார்கள். பாட்டிலுக்குள்ளேயே நொதித்துக்கொண்டிருப்பதால் மூடியை இறுக்காமல் விற்கிறார்கள்; இறுக்கினால் வாயு சேர்ந்து வெடிக்கும். ஆகவே எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள், கடையிலிருந்து கொண்டுவரும்போதும் சரி, ஃபிரிட்ஜிலும் சரி. பையில் படுக்கவைத்த ஒரு பாட்டிலால் எங்கள் கார் சீட் மூன்று வாரம் புளித்த வாடை அடித்தது. வாங்கிய அன்று ஜூஸ் போல இனிக்கும், வெளியே வைத்தால் ஓரிரு நாளில் இனிப்புக் குறைந்து போதை கூடும். இனிப்பும் புளிப்பும் சமமாக இருக்கிற நடுப்பதம்தான் ருசி. அதனால் வியாழக்கிழமை வாங்கி, ஒரு நாள் வெளியே வைத்துப் பிறகு ஃபிரிட்ஜில் ஏற்றுங்கள். ஊற்றுவதற்கு முன் மெதுவாகச் சாய்த்து அடியில் தங்கிய ஈஸ்ட்டைக் கலக்க வேண்டும். லிட்டர் பாட்டில் ஐந்து போதும்.

இனிப்பாக இருப்பதால் இதில் போதை தெரியாது. ஆனால் ஆல்கஹால் 4 சதவீதத்தில் தொடங்கி, நொதிக்க நொதிக்க ஒயின் அளவுக்கே போகும். கார் ஓட்டி வந்தவர்களுக்கு இதைச் சொல்லியே ஊற்றுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், பார்த்தால் ஜூஸ் மாதிரிதான் இருக்கும். குடிக்காதவர்களுக்குத் தெளிவிக்காத ஆப்பிள் ஜூஸும் சிவப்புத் திராட்சை ஜூஸும் அதே மாதிரிக் கண்ணாடிக் குவளையில் கொடுங்கள். ஆப்பிள் ஜூஸ் வாங்கும் இடத்தில் ஒரு எச்சரிக்கை: ஸ்வாபியாவில் மோஸ்ட் என்றால் நொதித்த ஆப்பிள் மது. நொதிக்காதது சூஸ்மோஸ்ட். ஒரு சொல்தான் வித்தியாசம், மது தொடாத குடும்பத்துக்கு அது பெரிய வித்தியாசம்.

பிள்ளைகளுக்குக் கஷ்டானியன் பொறுக்கும் வேலை கொடுங்கள். பூங்காவில் விழுந்து கிடக்கும் பளபளப்பான உருண்டைக் கொட்டைகளில் தீக்குச்சி செருகி மனிதன், மாடு, குதிரை என்று செய்வது இங்கே எல்லாக் குழந்தைக்கும் தெரிந்த விளையாட்டு. ஆனால் அது குதிரைச் செஸ்ட்நட், சாப்பிட்டால் நஞ்சு. சாப்பிடுகிற செஸ்ட்நட்டுக்கு நுனியில் கூராக ஒரு சின்னக் குஞ்சம் இருக்கும், மேல் ஓடு முள்ளம்பன்றி போல அடர்ந்த முள். குழப்பமே வேண்டாம் என்றால் சுடுவதற்குக் கடையில் வாங்குங்கள். தோலில் சிலுவைக் கீறல் போட்டு 200 டிகிரியில் 25 நிமிடம். கீறாமல் வைத்தால் ஓவனுக்குள் வெடிக்கும்.

அப்புறம் பழக்கவழக்கம். ஆறு மணி என்று சொன்னால் உங்கள் ஜெர்மன் விருந்தாளிகள் ஆறு மணிக்கு மணி அடிப்பார்கள். நம் குடும்பங்களுக்கும் அதையே அழுத்திச் சொல்லுங்கள். "என்ன கொண்டுவரட்டும்?" என்று கேட்பார்கள். "ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்தாலே போதும்" என்பது நம் மரியாதை. அவர்களுக்கு அது உதவாது. ஒருவரைப் பிளம்ஸ் கேக் கொண்டுவரச் சொல்லுங்கள். சந்தோஷமாகச் செய்து வருவார், உங்களுக்கும் ஒரு வேலை குறையும். பரிமாறும்போது ஒருவர் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். மூன்று தடவை வற்புறுத்தித் தட்டில் வைத்தால் சாப்பிட முடியாமல் தவிப்பார். குவளையை முட்டும்போது கண்ணைப் பார்க்க வேண்டும். பீருக்கு "ப்ரோஸ்ட்", ஒயினுக்கு "ட்சும் வோல்".

அடுக்குமாடி என்றால் இரண்டு நாள் முன்பே படிக்கட்டு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டி அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிவிடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பதால் திங்கள் காலைக்கு வேண்டிய பாலும் ரொட்டியும்கூடச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். எல்லோரும் கிளம்பியதும் வாசல் துடைப்பத்தை மறக்காமல் கழற்றி உள்ளே வையுங்கள். அது மாட்டியிருக்கும்வரை உங்கள் ஊரில் அர்த்தம் ஒன்றுதான்: கடை திறந்திருக்கிறது.