தீப்பெட்டியைத் தேடி எடுக்கும் 6 வயதுப் பையனை என்ன செய்வது?

கோத்தகிரிக்கு அருகே தோட்டக் குடியிருப்பில் இருக்கும் நீங்கள், 6 வயது மகன் தீப்பெட்டியை எடுத்துப் போய் லயன் வீட்டுக்கு (தொழிலாளர் வரிசை வீடு) பின்னால் காய்ந்த புல்லைக் கொளுத்துகிறான், அடித்தும் கேட்கவில்லை, இனி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே மலையில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அடிப்பதை நிறுத்துங்கள். இரக்கத்தினால் மட்டும் இதைச் சொல்லவில்லை. அடி வாங்கிய பிள்ளை நெருப்பை விட்டுவிடுவதில்லை. அதை வைக்கும் இடத்தைத்தான் மாற்றிக்கொள்கிறது. உங்கள் கண்ணில் படும் முற்றத்தை விட்டுவிட்டு, விறகுக் கொட்டகைக்கும் கட்டிலடிக்கும் தேயிலைக்கு அப்பாலுள்ள மரத்தோப்புக்கும் போய்விடுகிறது. அதைவிட மோசமானது, தீ கைமீறிப் போன நேரத்தில் ஓடிவந்து சொல்ல வேண்டிய பிள்ளை, முதுகில் விழப்போகும் அடியை நினைத்து வாயைத் திறக்காமல் ஒளிந்துகொள்வதுதான். வீட்டுக்குள் தீப்பிடித்தால் சிறு பிள்ளைகள் வெளியே ஓடாமல் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் பதுங்குவது வழக்கம் என்பதால், தீயணைப்பு வீரர்கள் அந்த இடங்களைக் குறிப்பாகத் தேடுவார்கள். ஆகவே உங்கள் மகனிடம் இன்றே சொல்ல வேண்டியது, "தீ பற்றிக்கொண்டால், நீயே வைத்ததாக இருந்தாலும், உடனே ஓடிவந்து என்னிடம் சொல், நான் அடிக்க மாட்டேன்" என்பதே. சொன்ன பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும்.

சூடு போட்டால்தான் புத்தி வரும் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை, சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்ற மிரட்டலும் வீண். 7 வயது நிரம்பாத குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது என்ற பழைய விதி, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 20ஆம் பிரிவிலும் அப்படியே இருக்கிறது.

சமவெளியில் இருப்பவர்கள் தரும் "நெருப்பைக் கண்ணில் காட்டாதீர்கள்" என்ற அறிவுரை நமக்குப் பொருந்தாது. நம் வீடுகளில் காலையில் வெந்நீருக்கு விறகு எரிகிறது, மாலையில் வாசலில் தீ மூட்டிக் குளிர் காய்கிறோம், மார்கழியிலும் தையிலும் அந்தத் தீயைச் சுற்றி உட்கார்ந்துதான் ஊர்க்கதையே நடக்கிறது. குளிருக்கு இதமான, எல்லாரும் விரும்பிக் கூடும் ஒன்றைப் பற்றி, அதன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டு, "அது கெட்டது" என்றால் எந்தப் பிள்ளை நம்பும்?

ஆனால் இந்த மலையில் சிறு பொறியும் பெரிய ஆபத்து என்பதைப் பெற்றோர் சரியாக உணர வேண்டும். உறைபனி விழுந்து கருகிய புல், பிப்ரவரியிலிருந்து கோடை மழை வரும்வரை சருகாகவே கிடக்கும். கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) இலையில் எண்ணெய் இருப்பதால் அது சடசடவென்று வெடித்து எரியும். பிள்ளைகளைக் கவர்வதும் அந்தச் சத்தம்தான். அதன் பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கி, எரியும்போது காற்றில் பறந்து வேறிடத்தில் விழுந்து பற்றவைக்கும். தரையில் மெதுவாகப் பரவும் தீ, சரிவில் மேல்நோக்கி ஏறும்போது முன்னால் உள்ள புல்லைச் சூடாக்கி உலர்த்திக்கொண்டே போவதால் பல மடங்கு வேகம் பிடிக்கும். தீயணைப்பு வண்டியோ கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வர வேண்டும். வந்தாலும் தேயிலைச் சரிவுக்குள் இறங்க முடியாது. 2024 மார்ச்சில் குன்னூர் அருகே பற்றிய காட்டுத்தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டியிருந்தது.

அடுத்து, தீப்பெட்டி அவன் கைக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது அடுப்படியிலிருந்து வருவதில்லை; ஆணியில் மாட்டிய சட்டைப்பையிலிருந்தோ, தாத்தாவின் பீடிக்கட்டுக்குப் பக்கத்திலிருந்தோ, சாமி படத்துக்குக் கீழேயிருந்தோ வருகிறது. வீட்டில் ஒரே ஒரு தீப்பெட்டி, அதுவும் பெரியவர்களின் தலைக்கு மேலான உயரத்தில், மூடியுள்ள டப்பாவுக்குள் இருக்கட்டும். லைட்டர் இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் குச்சியை உரசும் திறமைகூட அதற்குத் தேவையில்லை. சிறு குழந்தைகளால் எளிதில் பற்றவைக்க முடியாதபடி லைட்டர் செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் 1994இலேயே விதி கொண்டுவந்தார்கள். நம் கடையில் தொங்கும் லைட்டரில் அந்த வசதி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தீப்பெட்டியின் விலை 2021 டிசம்பரில் 2 ரூபாயானது. அந்தக் காசு எந்தப் பையனிடமும் இருக்கும் என்பதால், பெரியவர் துணையில்லாமல் வரும் பிள்ளைக்குத் தீப்பெட்டி கொடுக்க வேண்டாம் என்று குடியிருப்புக் கடைக்காரரிடமும் சொல்லிவையுங்கள்.

இதன் மறுபாதி, நெருப்பருகே அவனுக்கு ஒரு வேலை கொடுப்பது. 6 வயதில் பற்றவைக்கும் வேலை வேண்டாம். அணைக்கும் வேலையைக் கொடுங்கள். குளிர் காய்ந்து முடிந்ததும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, கையெட்டும் தூரத்துக்கு வெளியே நின்று நீண்ட கைப்பிடியுள்ள செம்பால் தண்ணீர் ஊற்றட்டும், சாம்பலை நீங்கள் கிளறிக் காட்டி, உள்ளே இன்னும் கனல் இருப்பதை அவன் பார்க்கட்டும், மறுபடி ஊற்றட்டும். எரிந்து முடிந்ததாகத் தோன்றும் தீ உள்ளே உயிரோடு இருக்கும் என்ற பாடத்தை வேறு எப்படியும் நடத்த முடியாது. திருக்கார்த்திகையன்று அகல்களை வரிசையாக எடுத்துவைக்கும் பொறுப்பை அவனிடம் விடலாம். விளக்கைத் தானே ஏற்ற 8, 9 வயதாகட்டும், அப்போதும் நீங்கள் உடனிருக்க வேண்டும். எங்கேயாவது தீப்பெட்டி கிடந்தால் அதைத் தொடாமல் வந்து சொல்வதும் அவன் வேலையே, சொன்னால் பாராட்டுங்கள்.

பெரியவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. குப்பையையும் தேயிலைச் செடியைக் கவாத்து செய்து வெட்டிய குச்சிகளையும் உச்சிவெயிலில் கொளுத்திவிட்டு, எரிகிற தீயை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகும் ஆட்களைப் பார்த்து வளரும் பையன், புல்லைக் கொளுத்துவது பெரிய மனிதர் செய்யும் காரியம் என்றுதான் எடுத்துக்கொள்வான்.

மேலே சொன்னவை வேடிக்கைக்காகத் தீ வைக்கும் பிள்ளைக்கு. 9, 10 வயதைத் தாண்டிய பிள்ளை தனியாகப் போய்த் திரும்பத் திரும்பத் தீ வைத்தாலோ, ஒருவர் மேலுள்ள கோபத்தில் அவருடைய பொருளை எரித்தாலோ, வீட்டில் சண்டை நடந்த மறுநாளெல்லாம் இது நடந்தாலோ, அது வேறு விஷயம். அங்கே தீப்பெட்டியை ஒளித்துவைப்பது போதாது. அந்தப் பிள்ளையை வாட்டுவது என்ன என்று பார்க்க வேண்டும். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகத் தயங்க வேண்டாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஆடை. மலைப் பிள்ளைகள் நாள் முழுதும் ஸ்வெட்டரோடு இருக்கிறார்கள். கம்பளி நூல் எளிதில் எரியாது. ஆனால் மலிவாகக் கிடைக்கும் ஸ்வெட்டர்களும் ஜாக்கெட்டுகளும் பெரும்பாலும் செயற்கை இழை, தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆடையில் பற்றினால் ஓடாமல், முகத்தைப் பொத்திக்கொண்டு கீழே விழுந்து உருள வேண்டும் என்று விளையாட்டாகவே பழக்குங்கள். தீக்காயம் பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். நம் ஊர்த் தண்ணீர் குளிர்ச்சியானது என்பதால் காயம்படாத உடம்பைப் போர்வையால் மூடிவையுங்கள். ஐஸ், பற்பசை, மை, மஞ்சள் எதுவும் வேண்டாம். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல் 108ஐ அழையுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101.