அப்பாவுக்குப் புரொஸ்டேட் புற்றுநோய்: முதலில் யாரைப் பரிசோதிப்பது?

கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து 46 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். 68 வயதான தந்தைக்குப் புரொஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய் இருப்பது திசுத்துண்டுப் பரிசோதனையில் (பயாப்சி) உறுதியாகியுள்ளது. தந்தையின் தங்கையான மாமி, 44 வயதில் மார்பகப் புற்றுநோயால் காலமானவர். தனக்கும் 39 வயதுத் தம்பிக்கும் இந்நோய் வருமா என்று கேட்கிறார். மூவரையும் சென்னைக்கு அழைத்துச்சென்று மரபணுச் சோதனை செய்விப்பதாகத் தரகர் ஒருவர் சொல்வதால், வயலை ஈடு வைக்கலாமா என்றும் யோசிக்கிறார்.

வயலை ஈடு வைக்க வேண்டாம். தந்தைக்கு இந்நோய் வந்தால் மகனுக்கு வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிட ஏறத்தாழ இருமடங்கு. கட்டாயம் வரும் என்பதல்ல. ஆயினும் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது மாமியின் நோய்தான். பிஆர்சிஏ-2 என்ற மரபணுவில் உள்ள பிழை பெண்களில் மார்பகப் புற்றுநோய்க்கும், ஆண்களில் இளவயதிலேயே வேகமாகப் பரவக்கூடிய புரொஸ்டேட் புற்றுநோய்க்கும் இடம்கொடுக்கும். கிளினிக்கில் இதை யாரும் உங்களிடம் கேட்காமல் விடலாம்; ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்களே ஒதுக்கிவிட்டு, குடும்ப வரலாற்றை நோயாளியே கொண்டுவரட்டும் என்று இருக்கும் முறை இது. ஆகவே மாமியின் நோயையும் வயதையும் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

மரபணுச் சோதனை முதலில் நோயாளியான அப்பாவுக்குச் செய்யப்பட வேண்டும். அவரில் பிழை கண்டறியப்பட்டால்தான் பிள்ளைகளில் அதே பிழையைத் தேடுவதில் பொருள் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்கும் வாய்ப்பு ஐம்பது சதவீதம். அப்பாவை விட்டுவிட்டு உங்களை மட்டும் சோதித்து 'இல்லை' என்று வந்தால், அதை நம்பி நிம்மதியடைய முடியாது. மூவருக்கும் ஒரே நாளில் சோதனை என்று சொல்பவர் தரகுப்பணத்தைக் கணக்கிடுகிறார். அப்பாவின் திசுத்துண்டு அறிக்கையில் 'கிளீசன் 4+3' என்பதுபோல் ஒரு வரி இருக்கும். நோயின் வேகத்தைச் சொல்வது அதுதான். அந்த வரியைப் பற்றி உங்கள் தரகர் ஒரு தடவையேனும் கேட்டாரா? அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதையும், தெல்லிப்பழையில் கதிர்வீச்சுச் சிகிச்சை உண்டு என்பதையும் அவர் சொல்லமாட்டார். தெல்லிப்பழைக்கும் சில வேளைகளில் கொழும்புக்கு அருகிலுள்ள மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கும் கடிதங்களைச் சுமந்து நோயாளியே அலைவது கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமையை விற்றுப் பிழைப்பவரை நம்புவது அதைவிட மோசம்.

உங்களுக்கு இப்போதே பி.எஸ்.ஏ. (புரொஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு) இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்; தம்பிக்கு நாற்பதில் தொடங்கலாம். சிறுநீர்த் தொற்று இருந்திருந்தால் ஆறு வாரம் கழித்தே செய்யவும், ஏனெனில் தொற்று பி.எஸ்.ஏ. அளவை ஏற்றிவிடும். இன்னொன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபினாஸ்டரைடு என்ற மாத்திரையைப் புரொஸ்டேட் வீக்கத்துக்கும், சிலர் முடி உதிர்வுக்கும் எடுக்கிறார்கள். அதைச் சுமார் ஆறு மாதம் எடுத்தவரின் பி.எஸ்.ஏ. பாதியளவாகிவிடுகிறது, அதாவது தாளில் 2.1 என்று வந்தால் அது உண்மையில் 4.2 போன்றது. நாலுக்குக் கீழே, பயமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கடையில் வாங்கிய மாத்திரை என்றாலும் அதன் பெயரை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். மாத்திரையே எடுக்காத நாற்பது வயதுக்காரருக்கும் 2.5-க்கு மேல் வந்தால் மீண்டும் பார்க்க வேண்டும்.

உங்களுக்குச் சகோதரி இருந்தால் அவரையும் கணக்கில் சேருங்கள். அப்பாவில் பிழை இருந்தால் அது மகளுக்கும் போகலாம், அவருக்கு வேண்டியது மார்பகப் பரிசோதனை.