விட்டு விட்டு வரும் தரவை ஜாவாஸ்கிரிப்டில் வர வரவே மேப், ஃபில்டர் செய்ய முடியுமா?

கேள்வி இதுதான்: சர்வரிலிருந்து தரவு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது, எல்லாவற்றையும் ஒரு அரேயில் சேர்த்த பிறகுதான் மேப் (ஒவ்வொன்றையும் மாற்றுவது), ஃபில்டர் (வேண்டியதை மட்டும் எடுப்பது) போட முடிகிறது. வரும்போதே வடிகட்ட வழி உண்டா, அதற்குத் தனி லைப்ரரி வேண்டுமா?

வழி உண்டு. லைப்ரரி தேவையில்லை. அசிங்க் ஜெனரேட்டரும் (காத்திருந்து மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் ஃபங்ஷன்) ஃபார் அவெயிட்டும் (அவற்றை வர வர எடுக்கும் சுற்று) 2018 பதிப்பிலேயே மொழிக்குள் வந்துவிட்டன. அவற்றை வைத்து மேப், ஃபில்டர், டேக் (முதல் சிலவற்றை மட்டும் எடுப்பது) மூன்றையும் நீங்களே எழுதிக்கொள்ளலாம், ஒவ்வொன்றும் நாலைந்து வரிதான். பினாங்கில் வார இறுதிகளில் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் இதைத்தான் எழுத வைக்கிறேன்.

வகுப்பில் எடுத்துக்கொள்வது ரேபிட் பினாங்கு பேருந்துகள். எந்தப் பேருந்து இப்போது எங்கே ஓடுகிறது என்பதை மலேசிய அரசின் திறந்த தரவுத் தளம் 30 விநாடிக்கு ஒருமுறை புதுப்பித்து, ஜிடிஎஃப்எஸ் ரியல்டைம் என்ற பொதுப் போக்குவரத்துத் தரவு வடிவில் இலவசமாகவே தருகிறது. ஒரு ஜெனரேட்டர் அதை ஃபெட்ச் செய்து, ஒவ்வொரு பேருந்தாக யீல்ட் செய்யும், அதாவது வெளியே கொடுக்கும்; பட்டியல் தீர்ந்ததும் 30 விநாடி காத்திருந்து மறுபடியும் ஃபெட்ச். அதன் மேல் ஒரு ஃபில்டர், நமக்கு வேண்டிய வழித்தடம் மட்டும். அதற்கு மேல் ஒரு மேப், கொம்தார் பேருந்து நிலையம் எவ்வளவு தூரம் என்ற கணக்கு. கடைசியில் ஃபார் அவெயிட். இது முடிவே இல்லாத ஓட்டம், அரேயில் சேர்த்து முடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஃபில்டரைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். மூலத்தை ஃபார் அவெயிட்டில் ஓட்டி, ஒவ்வொன்றையும் நிபந்தனை ஃபங்ஷனிடம் கொடுத்து, அது தரும் பதிலை அவெயிட் செய்து, தேறினால் யீல்ட். அந்த அவெயிட்டை மறந்துவிடாதீர்கள். நிபந்தனை ஒரு அசிங்க் ஃபங்ஷனாக இருந்தால் கைக்கு வருவது ப்ராமிஸ் (பிறகு வரப்போகும் பதிலுக்கான பொருள்), இஃப் கண்ணுக்கு எந்த ப்ராமிஸும் ட்ரூதான். ஆகவே தேறக்கூடாததும் தேறிவிடும், பிழைச் செய்தி ஒன்றுகூட வராது. இதேபோல அசிங்க் ஜெனரேட்டரை அரே.ஃப்ரம்-க்குள் போட்டால் சத்தமில்லாமல் காலி அரே வரும். முடிவுள்ள ஓட்டத்தைச் சேகரிக்க அரே.ஃப்ரம்அசிங்க் இருக்கிறது.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, வேகத்தைத் தீர்மானிப்பவர் வாங்குகிறவர் என்பது. கடைசிச் சுற்று அடுத்ததைக் கேட்டால்தான் மேப் கேட்கும், மேப் கேட்டால்தான் ஃபில்டர் கேட்கும், அப்புறம்தான் மூலமே அசையும். திரையில் வரைவதற்குத் தாமதமானால் மேலே எதுவும் குவிந்து கிடக்காது. வெப்சாக்கெட் (சர்வருடன் திறந்தே இருக்கும் இணைப்பு) அப்படியல்ல, நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை இட்டரேட்டராக (கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தருவது) மாற்றும்போது நடுவில் ஒரு வரிசை வைத்து, அது நிறைந்தால் பழையதை விடுவதா புதியதை விடுவதா என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். பேருந்து இருப்பிடமென்றால் பழையதை விட்டுவிடலாம். பணப் பரிவர்த்தனை என்றால் ஒன்றைக்கூட விடக்கூடாது.

"2025 பதிப்பிலேயே மேப், ஃபில்டர் வந்துவிட்டதே?" என்று சிலர் கேட்பார்கள். வந்தது சாதாரண இட்டரேட்டருக்கு. அசிங்க் இட்டரேட்டருக்கானதை ஜாவாஸ்கிரிப்ட் தரத்தை வகுக்கும் டிசி39 குழு தனி முன்மொழிவாகப் பிரித்து வைத்திருக்கிறது, அதற்கு நியாயமான காரணமும் உண்டு. நம் கையால் எழுதும் மேப் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்ததைத் தொடும். அடுத்தடுத்து நெக்ஸ்ட் (அடுத்ததைக் கேட்கும் அழைப்பு) கூப்பிட்டாலும் அசிங்க் ஜெனரேட்டர் அவற்றை வரிசையில் நிறுத்திவிடும். ஒவ்வொரு பேருந்துக்கும் பக்கத்து நிறுத்தத்தின் பெயரை இன்னொரு ஃபெட்ச் போட்டு வாங்குவதாக இருந்தால் இது இழுத்துக்கொண்டே போகும். ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓடவிட வசதி செய்வதற்குத்தான் அந்த முன்மொழிவைத் தனியாக எடுத்தார்கள். நோட் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் தளம்) பயன்படுத்துகிறீர்கள் என்றால், அங்கே தரவு ஓட்டத்தைப் படிக்கும் ரீடபிள் ஸ்ட்ரீமின் மேப்பில் கன்கரன்சி என்ற விருப்பமே இருக்கிறது. வரிசை மாறாமல் பல வேலைகளைச் சேர்த்து ஓட்டும்.

வருவது எழுத்தாக இருந்தால் இன்னொன்று. யுடிஎஃப்-8இல் 'க' என்ற ஒரு எழுத்துக்கே 3 பைட். துண்டு எங்கே வெட்டுப்படும் என்று சொல்ல முடியாது. பைட்டுகளை எழுத்தாக்கும் டெக்ஸ்ட்டிகோடரில் ஸ்ட்ரீம் விருப்பத்தைப் போடாவிட்டால் தமிழ்ச் சொல்லுக்கு நடுவே கேள்விக்குறிக் கட்டம் வந்து நிற்கும். ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதித்தால் இது கண்ணில் படவே படாது. தமிழில் சோதியுங்கள்.

சரி, நிறுத்துவது எப்படி? சுற்றுக்குள் பிரேக் போட்டால் ரிட்டர்ன் (போதும் என்று சொல்லும் அழைப்பு) மேல்வரை போய், ஒவ்வொரு ஜெனரேட்டரின் ஃபைனலி பகுதியும் ஓடும். கனெக்‌ஷனை மூடுவதை அங்கே எழுதுங்கள். ஆனால் பயனர் 'நிறுத்து' பட்டனை அமுக்கும் நேரத்தில் மூலம் அந்த 30 விநாடிக் காத்திருப்பில் இருந்தால், வெளியிலிருந்து கூப்பிடும் ரிட்டர்னும் அது முடியும்வரை காத்துக்கிடக்கும். அதற்கு ஒரு அபார்ட்சிக்னல் (வேலையை ரத்து செய்யச் சொல்லும் பொருள்) எடுத்து ஃபெட்ச்சுக்கும் காத்திருப்புக்கும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள், உடனே நிற்கும்.